வாகை மரத்துக் கம்பிவடம்

கிழக்கே வெளிச்சம் கீறியதுமே மாடத்தி மருந்தில் கை வைத்துவிட்டாள். வெயில் ஏறிவிட்டால் மருந்து பொல்லாதது. அதனால்தான் ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல்காட்டு நடுவில் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் வேன், ஊர் விழிப்பதற்கு முன்பே வந்து ஹாரன் அடித்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சேலையில் குத்திய ஊக்கைக்கூட எடுத்து வைத்துவிட வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே ரப்பர் விரிப்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால், முன்னால் வளையத்துக்குள் காகிதக் குழாய்கள் தேன்கூடு மாதிரி நெருக்கியடித்து நிற்கும். சாம்பல் நிற மருந்தை அள்ளி மேலே பரப்பி, உள்ளங்கையால் தடவித் தடவிக் குழாய்களுக்குள் இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது. உரசக் கூடாது. சிந்தினால் துடைக்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். மாடத்தி கல்யாணமாகி வந்த மறுமாதத்திலிருந்து இதைத்தான் செய்கிறாள். கை முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல மின்னும். எந்தச் சோப்புக்கும் அது போகாது. கந்தக நெடி குழம்பிலும் வரும், தலையணையிலும் வரும்.

அவள் அறைக்கும் மருந்து கலக்கும் அறைக்கும் நடுவில் ஒரு வாகை மரம் நின்றது. கம்பெனி கட்டுவதற்கு முன்பே, அந்த இடம் வெறுங்காடாகக் கிடந்த காலத்திலேயே நின்ற மரம். நாலு பேர் கைகோத்தாலும் அடிமரம் அடங்காது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு பெருங்கொப்பாகப் பிரிந்து, ஒன்று மாடத்தியின் அறைமீதும் மற்றொன்று கலவை அறைமீதும் கவிந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் கருவேல முள்ளைத் தவிர வேறு நிழல் கிடையாது. பெண்கள் தூக்குவாளியைத் திறப்பதும், காலை நீட்டி உட்காருவதும், வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுவதும் அங்கேதான்.

போன வருசம் சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் அந்த மரத்தின் கவை விரிந்துவிட்டது. இரண்டு கொப்பும் பிரிகிற இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. சின்ன முதலாளி ஹரிபிரசாத், குடோனுக்குக் கூரை போட வந்திருந்த வெல்டிங் ஆட்களையே மரத்தில் ஏற்றிவிட்டார். அவர்கள் லாரியில் லோடு கட்டுவதுபோலக் கட்டிவிட்டுப் போனார்கள். பிளவுக்குக் கொஞ்சம் மேலேயே இரண்டு கொப்பையும் கம்பிவடத்தால் சுற்றி இறுக்கி இரும்புக் கிளாம்பு போட்டு, மிச்சமிருந்த முனையைக் கலவை அறையின் தூணில் முடிந்து அங்கேயும் ஒரு கிளாம்பு போட்டுவிட்டார்கள். வருசம் திரும்புவதற்குள் பட்டை வீங்கி வடத்தைப் பாதி விழுங்கிவிட்டது. வடத்துக்கு மேலே இருந்த கிளைகள் பழுத்துக் காய்ந்துகொண்டு வந்தன. காற்றடித்தால் கொப்பு அசையும். கொப்போடு வடம் இழுபடும். வடத்தோடு தூண் முனகும். தூணை ஒட்டிய சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"சுவரு வெடிச்சிருக்கு அண்ணாச்சி, பாத்தீகளா?" என்று போர்மேன் ஜெயச்சந்திரனிடம் மாடத்தி பல தடவை கேட்டிருக்கிறாள்.

"சொல்லிட்டேன்மா. மொதலாளி பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காக" என்பார் அவர். கேட்கும்போதெல்லாம் அதே பதில்.

பாவம், படித்த பிள்ளை, மரத்தைப் பற்றிச் சின்ன முதலாளிக்கு என்ன தெரியும் என்று மாடத்தியும் சமாதானம் ஆகிவிடுவாள்.

இப்போது ஆடி மாதம். மேற்கேயிருந்து வரும் காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்து கம்பெனிச் சுவரில் அறைந்தது. தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. அன்று காலை, பக்கத்து அறையில் வேலை பார்க்கும் அழகுமீனா மருந்து இறக்கிய குழாய்த் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மரத்தடி வழியாகக் காயப்போடும் மேடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் ஒன்று கேட்டது.

பட்டாசுக் கம்பெனியில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் ஓடுவதுதான் பழக்கம். யோசிப்பது அப்புறம். மாடத்தியும் மற்றவர்களும் வாசலைத் தாண்டி ஓடி வந்து திரும்பிப் பார்த்தபோது புகை இல்லை, நெருப்பு இல்லை. ஒரு கொப்பிலிருந்த கிளாம்பு நழுவி, அவிழ்ந்த வடம் மரத்திலிருந்து தொங்கிச் சாட்டை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே அழகுமீனா நின்றாள். வடம் அவள் தோளில் விழுந்திருந்தது. தோளிலிருந்து மார்பு வரைக்கும் ரவிக்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. ஒரு கை ஒருமாதிரித் துவண்டு தொங்கியது. மறுகை தட்டை விடவில்லை.

அவள் மெல்ல, மிக மெல்ல, முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டை வாங்குங்கக்கா" என்றாள்.

மாடத்தி தட்டை வாங்கினாள். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போய் மேடையில் வைத்தாள். அந்தத் தட்டு மட்டும் தரையில் விழுந்திருந்தால், கலவை அறையும் பக்கத்து அறைகளும் அவற்றில் இருந்தவர்களும் என்ன ஆகியிருப்பார்கள் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வேன் வந்தது. அழகுமீனாவை ஏற்றினார்கள். கதவைச் சாத்தும்போது ஜெயச்சந்திரன் கூடப்போகிற பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "எல்லாரும் அறைக்குப் போங்க. மொதலாளி ஆளு கூட்டிக்கிட்டு வாராக" என்றார்.

எல்லோரும் போனார்கள். மாடத்தியும் போனாள். வளையத்தின் முன் உட்கார்ந்து கையை நீட்டினாள். கையில் அழகுமீனாவின் ரத்தம் காய்ந்திருந்தது. அதன்மேலேயே மருந்துப் பொடி படிந்தது.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஹரிபிரசாத்தின் கார் வந்தது. பின்னாலேயே ஒரு பைக்கில் கயிற்றுச் சுருணைகளோடு இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் தங்கப்பாண்டியன், காரியாபட்டிக்காரர். பள்ளிக்கூடம், கோயில் என்று பெரிய மரங்களில் ஏறிக் கொப்பு கழிப்பதும் வடம் கட்டுவதும் அவர் தொழில். கூட வந்தவர் அவருடைய மச்சினன் மணிமுத்து. சாத்தூர்ப் பக்கம் வேலையாக இருந்தவர்களைப் போன் போட்டு வரவழைத்திருந்தார்கள்.

தங்கப்பாண்டியன் இடுப்பில் வார் கட்டி, கயிற்றை மேலே வீசி, ஏறினார். பிளவில் கையை விட்டுப் பார்த்தார். வடம் பதிந்த பட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். தூணுக்குப் போகிற முனையைக் கண்ணால் தொடர்ந்து போய், கலவை அறையின் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது அவர் முகம் சரியில்லை. மாடத்தி தன் அறை வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

"மொதலாளி, இது இறுக்கிவிட்டுப் போற வேலை இல்ல" என்றார் தங்கப்பாண்டியன்.

"இப்போதைக்கு இறுக்கிவிடுங்க. தீபாவளி முடியட்டும், நீங்க சொல்ற மாதிரி செஞ்சுக்கலாம்."

"இறுக்குனா பட்டை இன்னும் அறுபடும். கொப்பு அந்த இடத்துலயே முறியும். முறிஞ்சா இந்தத் தூணையும் இழுத்துக்கிட்டுத்தான் விழும். தூணுக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"



"சரி, என்ன செய்யணும்ங்கிறீங்க?" ஹரிபிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேல, நல்ல உசரத்துல, ரெண்டு கொப்புலயும் துளை போட்டுக் கம்பி விட்டுப் புது ரோப்பு மாட்டணும். மரத்தைச் சுத்திக் கட்டுனா அது தூக்குக் கயிறு. புது ரோப்பு பாரம் தாங்குன பெறகுதான் பழசை அறுக்கணும். தூணுல கட்டுன முனையை ஒவ்வொரு பிடியா தளத்தி எடுக்கணும். துளை மெசின் போட்டா பொறி பறக்கும். அதனால சுத்தி இருக்க அறைகள்ல மருந்தும் இருக்கக் கூடாது, ஆளும் இருக்கக் கூடாது. ரெண்டு மூணு நாளு கம்பெனியை மூடணும்."

ஹரிபிரசாத் சிரித்தார். கோபமில்லாத, சலிப்பான சிரிப்பு.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? நான் இன்ஜினியரிங் படிச்சவன். தூணுல கட்டக் கூடாதுன்னு கட்டின அன்னைக்கே எனக்குத் தெரியும். அப்பவும் சீசன், இப்பவும் சீசன். என்ன பண்ணச் சொல்றீங்க?"

மாடத்திக்கு யாரோ காதில் அறைந்தது மாதிரி இருந்தது.

இத்தனை நாளும் அவள் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். தெரியாதவரிடம் எடுத்துச் சொல்லலாம். விரிசலைக் காட்டலாம். என்றைக்காவது புரிந்துகொள்வார் என்று காத்திருக்கலாம். தெரிந்தே கட்டியவரிடம் இனி என்னத்தைச் சொல்வது? அவள் வாசற்படியை விட்டு இறங்கி வெயிலுக்கு வந்தாள்.

"தெரிஞ்சேவா மொதலாளி எங்களை அதுக்கடியில உக்கார வச்சிருந்தீக?"

ஹரிபிரசாத் திரும்பிப் பார்த்தார். "மாடத்தி, நீங்க உள்ள போங்க. நான் பேசிக்கிட்டிருக்கேன்."

"அழகுமீனா தோளு பிஞ்சு தொங்கிச்சு. அப்பயும் தட்டை விடல. அவ விட்டிருந்தா நீங்க இப்ப பேசிக்கிட்டிருக்க ஆளும் இருக்காது, இடமும் இருக்காது."

மற்ற அறைகளின் வாசல்களிலும் தலைகள் தெரிந்தன. ஹரிபிரசாத் அதைக் கவனித்தார். குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. இவரு கம்பெனியை மூடச் சொல்றாரு. மூடுனா வேலை இல்ல. வேலை இல்லாட்டி கூலி இல்ல. வடக்க போக வேண்டிய லோடு நின்னுபோனா இந்தச் சீசனே போச்சு. இவரு மரத்துக்கு வைத்தியம் பாத்துட்டுப் போயிருவாரு. உங்க வீட்டு அடுப்பை யாரு எரிப்பா?"

தலைகள் தாழ்ந்தன. மாடத்தியின் அறையிலேயே உட்காருகிற பாண்டிச்செல்வி, மெதுவாக அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் மதினி. மூத்தவளுக்குக் காலேஜுக்குக் கட்டணும். இந்தச் சீசனைத்தான் நம்பியிருக்கேன்."

ஹரிபிரசாத் தங்கப்பாண்டியன் பக்கம் திரும்பினார். "நீங்க கேக்குறதுக்கு மேலயே தாரேன். கையால இழுத்து இறுக்கிட்டுப் போங்க. முடியாதுன்னா சொல்லுங்க, மரம் ஏற ஊருக்கு ஊரு ஆளு இருக்கு."

தங்கப்பாண்டியன் பைக்கைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். மழைக்காலம் வரும்வரை வேலை கிடைப்பது அரிது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. பிறகு கையிலிருந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"இறுக்கிட்டுப் போயிரலாம் மொதலாளி. ரூவாயையும் வாங்கிரலாம். நாளைக்கு டிவியில இந்தக் கம்பெனியைக் காட்டுனான்னா, என் வீட்டுல நான் எப்படி உக்காந்து பாப்பேன்?"

ஹரிபிரசாத்தின் முகம் சிவந்தது. அதுவரை இருந்த மரியாதை வாயிலிருந்து கழன்று விழுந்தது. "ரொம்பப் பேசுற நீ. ஏய் மாடத்தி, இந்த மரத்தாலதான இம்புட்டுத் தகராறு? மரத்தையே வெட்டித் தள்ளிட்டு அந்த இடத்துல இன்னொரு அறையைக் கட்டிருவேன். அப்ப எங்க போய் உக்காருவ?"

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பதில் வந்தது. பாண்டிச்செல்வி. முந்தானையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, உண்மையாகவே புரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள்:

"வெட்டுறதுக்கும் கம்பெனியை மூடித்தான ஆகணும் மொதலாளி?"

ஏதோ ஒரு வாசலில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். அந்தக் கம்பெனியில் முதலாளி நிற்கும்போது யாரும் சிரித்ததில்லை. சிரித்த பிறகு, மறுபடி வளையத்தின் முன் போய் உட்காருவது யாருக்கும் முடியாத காரியமாகிவிட்டது.

"ஏத்தா, எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் மாடத்தி. "மருந்தை மூடி வச்சிட்டு வாங்க. அவசரப்படாதீக."

அவள் தன் அறைக்குள் போனாள். மருந்துப் பெட்டியை மூடினாள். வளையத்தின்மேல் துணியைப் போர்த்தினாள். ஒவ்வொரு அறையிலும் அதேபோல நடந்தது. ஓட்டமில்லை, கூச்சலில்லை. பெண்கள் கால் அதிராமல் வரிசையாக நடந்து கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தார்கள். தங்கப்பாண்டியனும் மணிமுத்துவும் சுருணைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடேயே வெளியே வந்தார்கள்.

சாயங்காலம் அவர்கள் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அழகுமீனாவுக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது. கட்டிலில் சாய்ந்து கிடந்தவள், மாடத்தியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொல்றாங்கக்கா. வழுக்கி விழுந்தவ தட்டை எப்படிக்கா பிடிச்சிருப்பேன்?" என்றாள். "டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். அவரும் அப்படியே எழுதிக்கிட்டாரு."

"வேலையை விட்டு நிப்பாட்டிருவாகன்னு பயமா இல்லையா தாயி?"

"வடம் வந்து விழுறப்ப பயந்தேன். அதுக்கு மேல என்ன பயம்?"

பாண்டிச்செல்வி அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மாடத்தியிடம் சொன்னாள். "கூலியும் கேக்கணும் மதினி. மூடுற நாளைக்கும் கூலி. இவளுக்கு வைத்தியமும் கம்பெனிதான் பாக்கணும். நாம ஒண்ணும் லீவு கேக்கலையே. அவுக கட்டுன வடத்தைத்தான அவுக்கச் சொல்றோம்."

மறுநாள் வேன் அவர்கள் ஊருக்கு வரவில்லை. எதிர்பார்த்ததுதான். தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போவது மாதிரியே கிளம்பி, கரிசல்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தே போனார்கள். எதிர்காற்று சேலையை இழுத்தது. கண்ணெல்லாம் புழுதி. கம்பெனி கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. வெளியே தங்கப்பாண்டியனின் பைக் நின்றது. மணிமுத்து புது வடத்தை ஒரு கோணிமேல் சுருட்டி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி வந்தீக? உங்க வேலைதான் போச்சே" என்றாள் மாடத்தி.

"போகல. கேட்டு திறந்ததும் ஏறணும்ல?" என்றார் தங்கப்பாண்டியன். "அந்த மரத்தை அப்படியே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராதுத்தா."

கேட்டின் முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் நன்றாகப் பரவியபோது தூரத்தில் புழுதி கிளம்பியது. கம்பெனி வேன். உள்ளே நெருக்கியடித்துப் பெண்கள். திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஏற்றி வந்திருந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. பாண்டிச்செல்விதான் கல்லை எடுத்தாள். மாடத்தி அந்தக் கையைப் பிடித்துக் கீழே போடவைத்தாள். பிறகு தனியாக வேனை நோக்கி நடந்தாள்.

ஜன்னலோரத்தில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். வலது கையில் முழங்கைவரை பழைய தீத்தழும்பு சுருங்கிக் கிடந்தது. "எம் பேரு முருகம்மாள்" என்றாள் அவளே. "இங்கன என்ன தகராறு? எங்ககிட்ட ஆளு பத்தலைன்னுதான் சொன்னாக."

மாடத்தி சொன்னாள். மரத்தைச் சொன்னாள், தூணைச் சொன்னாள், அழகுமீனாவைச் சொன்னாள். முதலாளிக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதையும் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "உள்ள போனா உங்களை அந்த அறையிலதான் உக்கார வைப்பாக. காத்து எப்படி அடிக்குதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்றாள்.

"இன்னைக்குக் கூலியை யாரு குடுப்பா?" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தெரியல" என்றாள் மாடத்தி. "எங்களுக்கே யாரு குடுப்பான்னு தெரியல. பொய் சொல்லி உங்களை இறக்க மாட்டேன்."

வேனுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. டிரைவர் "கேட்டைத் திறங்க அண்ணாச்சி" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். முருகம்மாள் மதிலுக்கு மேலே தெரிந்த வாகையின் உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காற்று அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. அவள் தன் தழும்புக் கையால் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஒரு தடவை வெந்தது போதும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்கினாள். சிலர் தயங்கினார்கள். இரண்டு பேர் இறங்கவே மாட்டோம் என்று கடைசி சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. பாண்டிச்செல்வி தன் தண்ணீர்ப் பாட்டிலை ஜன்னல் வழியாக அவர்களிடமும் நீட்டினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருத்தி வாங்கிக்கொண்டாள்.

கேட்டிலிருந்த சின்னக் கதவு திறந்தது. ஜெயச்சந்திரன் வெளியே வந்தார். காதில் போனை வைத்து, "ஆமா மொதலாளி... ஆமா, அவுகளும் இறங்கிட்டாக" என்று சொல்லிவிட்டு, மாடத்தியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மொதலாளி ஆபீஸ்லதான் இருக்காக. பேசலாம்னு சொல்றாக. ரெண்டு பேரு மட்டும் உள்ள வரணுமாம்."

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். முருகம்மாள் எழுந்தாள். தங்கப்பாண்டியன் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்து, சாலை முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

"ரெண்டு பேரு இல்ல அண்ணாச்சி. பேசுறதுன்னா நாங்க இம்புட்டுப் பேரும்தான்" என்றாள் மாடத்தி. "உள்ள மருந்து இருக்கு, மேல மரம் இருக்கு. நாங்க வர மாட்டோம். பேசணும்னா அவுகளை இங்க வரச் சொல்லுங்க."

ஜெயச்சந்திரன் நின்றார். போனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே போனார். சின்னக் கதவை அவர் சாத்தவில்லை.

வேனிலிருந்து இன்னும் ஒருத்தி இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் நிற்பதற்கு இடம் வேண்டுமென்று, முன்னால் நின்றவர்கள் கேட்டை நோக்கி இன்னும் ஒரு எட்டு நெருங்கிப் போய் நின்றார்கள்.